கேம்பிரிட்ஜில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வகுப்பறை

லண்டன் கிங்ஸ் கிராஸில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் கேம்பிரிட்ஜ் வந்துவிடும். கூடவே இறங்குகிற சுற்றுலாக் கூட்டம் பெரும்பாலும் கிங்ஸ் கல்லூரிப் பக்கம் போகும். தேவாலயம், கேம் ஆறு, படகுச் சவாரி எல்லாம் அங்கேதான். எனக்கு அன்றைக்கு வேறு வேலை இருந்தது. மில் ரோட்டில் நடந்து, நம்மூர் பருப்பும் மிளகாய்த்தூளும் கிடைக்கிற மளிகைக் கடைகளைத் தாண்டி, விசாரித்து விசாரித்துக் கோல்டம்ஸ் ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே தொழிற்பேட்டை மாதிரியான ஒரு வளாகத்தில் இருக்கிறது கம்ப்யூட்டர் வரலாற்று மையம். வெளியிலிருந்து பார்த்தால் குடோன் என்றுதான் நினைப்போம்.

உள்ளே போனதும் மெகாபிராசசர். நகத்தளவு சில்லுக்குள் நடப்பதைக் கண்ணால் பார்க்கும்படி ஆளுயரத்துக்கு விரித்துக் காட்ட, ஜேம்ஸ் நியூமன் என்பவர் 40,000-க்கும் மேற்பட்ட டிரான்சிஸ்டர்களை வைத்துக் கட்டியது. அதற்கே ஒரு தனிப் பதிவு எழுதலாம். ஆனால் நான் தேடி வந்தது, 1980-களின் பள்ளி வகுப்பறை போலவே அங்கே அமைத்திருக்கிற அறையை.

வரிசையாக மேஜைகள். ஒவ்வொன்றிலும் வெளிர்மஞ்சள் நிறத்தில், கறுப்புச் சாவிகளும் மேல்வரிசையில் பத்துச் சிவப்புச் சாவிகளுமாக ஒரு பிபிசி மைக்ரோ. அன்றைக்குப் பிரிட்டன் பள்ளிகளில் இருந்த கம்ப்யூட்டர். சுவிட்சைப் போட்டால் ‘பூ’ என்று ஒரு தாழ்ந்த ஒலி, உடனே ‘பீப்’ என்று ஓர் உயர்ந்த ஒலி. திரையில் இரண்டு மூன்று வரி. பிறகு ஓர் அம்புக்குறி. அவ்வளவுதான். காத்திருக்க வேண்டியதில்லை, கடவுச்சொல் கேட்பதில்லை. நீ சொல், நான் செய்கிறேன் என்று உட்கார்ந்திருக்கிறது இயந்திரம்.

பக்கத்து மேஜையில் ஒரு சின்னப் பெண். தன்னார்வலராக வந்திருந்த பெரியவர் அவளை ‘சவுண்ட் 1, -15, 100, 20’ என்று அடிக்கச் சொன்னார். ஒரு நொடி ஒலித்து நின்றது. “அந்த 100-ஐ மட்டும் மாற்றிப் பாரேன்.” 200 போட்டாள், சுருதி ஏறியது. பிறகு யாரும் சொல்லாமலே கடைசி எண்ணை மாற்றினாள், ஒலி நீண்டது. எந்த எண் எதற்கு என்று அவளே கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். பெரியவர் நகர்ந்து போய்விட்டார். அந்த இயந்திரத்தைச் செய்தவர்கள் எதை நினைத்துச் செய்தார்களோ அது என் கண்ணெதிரே நடந்தது.

இதைத் தொடங்கி வைத்தது ஒரு தொலைக்காட்சி நிறுவனம். 1978-ல் பிபிசி, மைக்ரோ சில்லுகள் வேலைவாய்ப்பை என்ன செய்யப் போகின்றன என்று ஓர் ஆவணப்படம் காட்டியது. நாடே கவலைப்பட்டது. அந்தக் கவலையிலிருந்து பிறந்ததுதான் கணினி எழுத்தறிவுத் திட்டம். டிவியில் பாடம் நடத்தினால் மட்டும் போதாது, பார்க்கிறவர் கையில் அதே கம்ப்யூட்டர் இருக்க வேண்டும் என்று பிபிசி முடிவெடுத்தது. முதலில் நியூபரி நிறுவனத்தின் நியூபிரெயின் என்ற கணினியைத்தான் யோசித்தார்கள். அது உரிய நேரத்தில் தயாராகவில்லை. பிறகுதான் மற்ற நிறுவனங்களுக்கு அழைப்புப் போனது. அதில் ஒன்று, கிறிஸ் கரியும் ஹெர்மன் ஹவுசரும் 1978 கடைசியில் தொடங்கிய ஏகான்.

மதியத்துக்கு மேல் அந்த ஏகான் ஆரம்ப ஆண்டுகளில் இயங்கிய இடத்தைத் தேடி ஊருக்குள் போனேன். மார்க்கெட் ஹில், எண் 4ஏ. பழமும் ரொட்டியும் பழைய புத்தகமும் விற்கிற சந்தைச் சதுக்கம். இந்த நெரிசலில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி இருந்தது என்று சொன்னால் நம்பக் கஷ்டம்தான்.

1981-ன் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை பிபிசிக்காரர்கள் வருகிறார்கள். காட்ட வேண்டிய கம்ப்யூட்டரோ காகிதத்தில்கூட முழுமையாக இல்லை. ஹவுசர், ஏகானின் வடிவமைப்பாளர்களான சோஃபி வில்சனிடமும் ஸ்டீவ் ஃபர்பரிடமும் தனித்தனியாகப் பேசினார். முடியாது என்று சொன்ன ஒவ்வொருவரிடமும், மற்றவர் முடியும் என்கிறாரே என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தார். வரைபடம் தயாரானதும் வயர்களைச் சுற்றி இணைக்க ராம் பானர்ஜி வந்தார். அந்த வேலையில் அவர் கைவேகத்துக்கு ஈடில்லை என்று பெயர். இரவு பகல் பாராமல் வேலை செய்தும் வெள்ளி விடியும்வரை இயந்திரத்துக்கு உயிர் வரவில்லை. சோதனைக் கருவியையும் கம்ப்யூட்டரின் மின்சுற்றுப் பலகையையும் இணைத்திருந்த வயரைத் துண்டித்துப் பாருங்கள் என்றார் ஹவுசர். துண்டித்ததும் ஓடியது. பிபிசிக்காரர்கள் வந்தபோது இயந்திரம் தயார். ஒப்பந்தம் ஏகானுக்குக் கிடைத்தது.

எல்லோரும் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள். எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது அந்தப் பலகைக்குள் இருக்கும் நேர்மை. பிள்ளைகளுக்குத்தானே, இது போதும் என்று யாரும் நினைக்கவில்லை. செயலியின் வேகம் 2 மெகாஹெர்ட்ஸ். ஆப்பிள் 2 கம்ப்யூட்டர் அப்போது ஒரு மெகாஹெர்ட்ஸில்தான் ஓடிக்கொண்டிருந்தது. நினைவகச் சில்லுகளைச் செயலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் இயக்கி, ஒரு முறை செயலிக்கு, ஒரு முறை திரைக்கு என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். திரையில் படம் வரைகிறது என்பதற்காகக் கணக்கு நிற்காது. சோஃபி வில்சன் எழுதிய பிபிசி பேசிக் என்ற நிரல் மொழியில் செயல்முறைகளைப் பெயரிட்டுத் தனித்தனியாக எழுதலாம். வேண்டுமானால் அதற்குள்ளேயே, செயலியின் சொந்த மொழிக்கு நெருக்கமான அசெம்பிளி மொழியும் எழுதலாம். பத்து வயதில் ஒலி எழுப்பத் தொடங்குகிற பிள்ளை, பதினாறு வயதில் செயலியோடு நேரடியாகப் பேசும்வரை அதே பெட்டியில் வளரலாம்.

தொண்டர் அனுமதியோடு ஒரு பெட்டியைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தேன். வரிசையாகச் சொருகிடங்கள். பிரிண்டருக்கு ஒன்று, வட்டு இயக்கிக்கு ஒன்று, பள்ளி ஆய்வகத்தில் விளக்கோ மோட்டாரோ கோத்துப் பார்க்க ஒன்று. கடைசியில் ‘டியூப்’ என்று ஒன்று. இன்னும் பிறக்காத வேறொரு செயலியை நாளை இணைக்கலாம் என்று 1981-லேயே விட்டுவைத்த வாசல் அது.

தயாரிப்பிலும் ஒரு வினோதம் நடந்தது. பலகையில் குறிப்பிட்ட இடத்தில் ஒருவர் விரலை வைத்தால்தான் இயந்திரம் ஒழுங்காக ஓடியது. விரலுக்குப் பதிலாகச் சில மின்தடைகளைப் போட்டார்கள், சரியாகிவிட்டது. ஏன் சரியானது என்று தங்களுக்கே தெரியாது என்று வில்சன் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

1981 டிசம்பரில் அறிமுகமானது. முதல் விலை, ஏ மாடல் 235 பவுண்டு, பி மாடல் 335 பவுண்டு. சீக்கிரமே 299-க்கும் 399-க்கும் ஏறியது. சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத விலை. அதனால் வீடுகளில் சின்கிளேர் ஸ்பெக்ட்ரம் என்ற விலை குறைந்த கம்ப்யூட்டர் நுழைந்தது. பள்ளிகளில் பிபிசி மைக்ரோ. பள்ளி வாங்கினால் பாதி விலையை அரசு கொடுத்தது. இந்தப் பாதி விலைத் திட்டம் இல்லாமல் எவ்வளவு நல்ல பொறியியலும் வகுப்பறைக்குள் போயிருக்காது என்பது என் எண்ணம். 12,000 விற்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். கடைசியில் 15 லட்சத்தைத் தாண்டியது.

1986-ல் அந்தப் பிள்ளைகளிடமே ஒரு பெரிய வேலையைக் கொடுத்தார்கள். இங்கிலாந்தை ஆண்ட வில்லியம் மன்னரின் நிலக் கணக்கெடுப்புக்கு 900 ஆண்டு நிறைவு. நாட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, பள்ளிகளுக்குக் கொடுத்து, உங்கள் பகுதியைப் பற்றி எழுதுங்கள், போட்டோ எடுங்கள் என்றார்கள். 10 லட்சம் பேருக்கு மேல் பங்கெடுத்தார்கள். எல்லாம் லேசர் வட்டில் பதிவானது. சில ஆண்டுகளிலேயே அந்த வட்டைப் படிக்கும் கருவி வழக்கொழிந்து போனது வருத்தமான விஷயம். 2011-ல் பிபிசி பெரும்பகுதியை மீட்டு இணையத்தில் ஏற்றியது.

டியூப் வாசலுக்கு வருவோம். ஏகானுக்கு அடுத்த கம்ப்யூட்டருக்கான செயலி தேவைப்பட்டது. சந்தையில் இருந்த எதுவும் பிடிக்கவில்லை. வில்சனும் ஃபர்பரும் தாங்களே ஒன்றை வடிவமைத்தார்கள். சில்லு செய்வதற்கு முன் அதைச் சோதித்துப் பார்க்கும் மாதிரி நிரலை ஃபர்பர் எழுதியது 808 வரி பிபிசி பேசிக்கில். பள்ளிப் பிள்ளைகள் எழுதிய அதே மொழி! 1985 ஏப்ரல் 26 அன்று சில்லு வந்து சேர்ந்தது. பிபிசி மைக்ரோவின் டியூப் வழியாகத்தான் அதை இணைத்து ஓட்டினார்கள். எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று ஃபர்பர் அளந்தால் மீட்டர் பூஜ்யம் காட்டியது. மின் இணைப்பே கொடுக்கப்படவில்லை. மற்றக் கம்பிகளில் கசிந்து வந்த மின்சாரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் ஆர்ம். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் செல்போனுக்குள் இருப்பது அதன் வாரிசு.

இந்த இயந்திரம் இந்தியாவுக்கும் வந்தது. 1984-ல் மத்திய அரசு ‘கிளாஸ்’ என்ற கணினிக் கல்வித் திட்டத்தைச் சோதனையாக 250 பள்ளிகளில் தொடங்கியபோது, கொடுத்தது பிபிசி மைக்ரோ. பிறகு மொகாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் இதை இங்கேயே தயாரித்தது. நான் படித்த பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்தது வெகு காலம் கழித்து. செருப்பைக் கழற்றிவிட்டு, வரிசையில் நின்று, ஆசிரியர் அடிப்பதை எட்டிப் பார்த்ததோடு சரி. எண்ணை மாற்றிப் பார் என்று யாரும் சொல்லவில்லை. கேம்பிரிட்ஜின் அந்த வகுப்பறையில் எனக்கு ஆற்றாமையாக இருந்தது அதுதான்.

கேம்பிரிட்ஜ் போகிறவர்கள் பிள்ளைகளோடு போனால் படகுச் சவாரியைக் குறைத்துக்கொண்டு அரை நாள் இங்கே ஒதுக்குங்கள். கண்காட்சி நேரத்தை அவர்கள் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அந்த 250 பள்ளிகளில் படித்தவரோ பாடம் நடத்தியவரோ இதைப் படித்தால் எனக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் பள்ளிக்கு எத்தனை பெட்டி வந்தது, என்ன பாடம் நடந்தது, பிள்ளைகளைத் தொட விட்டார்களா என்பதை எழுதி வையுங்கள். பரணில் ஒரு யூனிகார்ன் கிடந்தால் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.