உலகப் புற்றுநோய் வரைபடத்தில் வெளிறிய இடங்கள்

உலகப் புற்றுநோய் வரைபடத்தைக் காட்டினால் பெரும்பாலானோர் முதலில் கேட்பது, "ஆஸ்திரேலியாவில் ஏன் இவ்வளவு அதிகம், நம் நாட்டில் ஏன் இவ்வளவு குறைவு?" என்பதுதான். பிரான்ஸின் லியோன் நகரில் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-க்கு வெளியிட்ட கணக்கில், நாடுகளுக்கு இடையே உள்ள வயது வித்தியாசத்தைச் சரிசெய்த பிறகு, ஆஸ்திரேலியாவில் வருஷத்துக்கு லட்சம் பேருக்கு 460 பேர் புதிதாக நோய்க்கு ஆளாகிறார்கள். இந்தியாவில் அது 100-க்கும் கீழே. அங்கே வெயிலால் வரும் தோல் புற்றுநோய் மிக அதிகம், உணவும் உடல் எடையும் வேறு. இதெல்லாம் உண்மைதான். ஆனால் புற்றுநோய்ப் பதிவேட்டில் பல வருஷமாக வேலை பார்க்கிற எனக்கு, நோய் குறைவு என்று காட்டும் வெளிறிய நிறத்தைப் பார்த்ததும் வேறொரு கேள்விதான் வரும்: அங்கே எண்ணியவர்கள் யார்?

அதே கணக்குப்படி 2022-ல் உலகம் முழுக்கப் புதிய நோயாளிகள் சுமார் 2 கோடி, இறந்தவர்கள் 97 லட்சம். இந்தியாவின் பங்கு 14 லட்சம் புதிய நோயாளிகள், 9 லட்சத்துக்கும் மேல் இறப்புகள். இந்த 14 லட்சத்தை யாரும் ஒவ்வொருவராக எண்ணவில்லை. 2020-ல் வந்த தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டு அறிக்கையின்படி, ஒரு பகுதியில் வசிக்கும் எல்லாரிடையேயும் வரும் புற்றுநோயை எண்ணும் பதிவேடுகள் நாட்டில் 28 இருந்தன. அவற்றின் எல்லைக்குள் இருந்தவர்கள் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குதான். மீதி ஒன்பது பங்குக்கு மதிப்பீடு. மதிப்பீடு செய்வதில் தப்பில்லை, வேறு வழியும் இல்லை. ஆனால் அதே அறிக்கையில் மிசோரமின் ஐஸ்வால் மாவட்ட ஆண்களில் லட்சத்துக்கு 269 பேர், மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத், பீட் பகுதி ஆண்களில் 40 பேர்கூட இல்லை. ஒரே நாட்டுக்குள் இத்தனை வித்தியாசம் இருக்கும்போது, எண்ணாத மாவட்டத்தை எண்ணிய மாவட்டத்தை வைத்து ஊகிப்பது எவ்வளவு தூரம் சரிவரும்?

எண்ணுவது எப்படி என்றும் சொல்கிறேன். புற்றுநோய் கண்டறியப்பட்டால் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று நாடு முழுவதற்குமான சட்டம் இல்லை. சில மாநிலங்கள் தாங்களாகவே உத்தரவு போட்டிருக்கின்றன. அதனால் தகவல் எங்களைத் தேடி வராது, நாங்கள்தான் போக வேண்டும். ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூம், பயாப்ஸி பார்க்கும் லேப், ஸ்கேன் சென்டர், ரேடியேஷன் பிரிவு, கடைசியில் இறப்புப் பதிவு அலுவலகம். சில லேப்களில் வாசலோடு அனுப்பிவிடுவார்கள். சில இடங்களில், "அக்கா, பழைய கட்டு மேல் ரேக்கில் இருக்கு, நான் எடுத்துத் தர்றேன்" என்று ஏணி போட்டு ஏறுகிற தம்பிகளும் உண்டு.

கேஸ் ஷீட் கிடைத்த பிறகுதான் உண்மையான வேலை. அரசு மருத்துவமனையில் 'எம். லட்சுமி, வயது 50'. ஸ்கேன் எடுத்த இடத்தில் 'ஜெயலட்சுமி, 54'. ரேடியேஷன் கொடுத்த ஊரில் 'லட்சுமி மாரிமுத்து, 52'. இது ஒருவரா, மூன்று பேரா? இனிஷியல் கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவுடையது, பின்னால் கணவருடையது. முகவரியை வைத்துப் பார்க்கலாம் என்றால், பிள்ளையார் கோயில் தெரு இல்லாத ஊர் ஏது? உறுப்பு, பயாப்ஸி தேதி, போன் நம்பர் எல்லாவற்றையும் ஒப்பிட்டுத்தான் முடிவுக்கு வருவோம். வயதும் அப்படித்தான், 50, 55, 60 என்று முழு எண்களில் குவிந்து கிடக்கும். சிகிச்சைக்காகச் சென்னைக்கு வந்தவர் தங்கியிருக்கும் தங்கை வீட்டு முகவரியைக் கொடுப்பார். பதிவேட்டின் எல்லைக்குள் ஒரு வருஷமாவது வசித்தவர்தான் அந்தப் பதிவேட்டில் சேருவார். விசாரிக்காமல் சேர்த்தால் சென்னையில் நோய் கூடிவிடும், அவருடைய சொந்த மாவட்டத்தில் குறைந்துவிடும்.

இதை வெறும் குமாஸ்தா வேலை என்று நினைப்பவர்களிடம் நான் எப்போதும் சொல்வது திண்டுக்கல் மாவட்டக் கதையை. ஒட்டன்சத்திரம் பக்கத்தில் உள்ள அம்பிளிக்கையில் 1990களின் நடுவில் ஒரு கிராமப்புறப் பதிவேடு தொடங்கியது. 1996–98 கணக்கு வந்தபோது கருப்பை வாய்ப் புற்றுநோய் லட்சம் பெண்களுக்கு 65-ஐ ஒட்டி இருந்தது. உலகில் எங்கும் பதிவானவற்றில் மிக உயர்ந்த எண்களில் அதுவும் ஒன்று. காட்டு வேலைக்குப் போகும் பெண்கள் ரத்தப்போக்கை யாரிடமும் சொல்லாமல், முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்கு வரும் ஊர்கள் அவை. அந்த எண் வந்த பிறகு யாராலும் கண்ணை மூடிக்கொள்ள முடியவில்லை.

2000-ல் அதே மாவட்டத்தில், லியோன் முகமையின் டாக்டர் ஆர். சங்கரநாராயணன் தலைமையில் ஒரு பெரிய ஆய்வு ஆரம்பித்தது. 114 ஊர்த் தொகுதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில், 30 முதல் 59 வயது வரையான பெண்களுக்குப் பயிற்சி பெற்ற நர்ஸுகள் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவிப் பார்த்தார்கள். நாம் சமையலில் ஊற்றும் வினிகரில் இருப்பதும் அதே அமிலம்தான். ஒரு நிமிஷத்தில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் கவனிக்க வேண்டும். தேவைப்பட்டவர்களுக்கு அங்கேயே குளிரால் உறையவைக்கும் சிகிச்சையும் நர்ஸுகளே செய்தார்கள். 31,000-க்கும் அதிகமான பெண்கள் பரிசோதனைக்கு வந்தார்கள். 2007-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது: பரிசோதனை நடந்த ஊர்களில் நோய் 25 சதவீதம் குறைவு, இறப்பு 35 சதவீதம் குறைவு. பின்னாளில் தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதே பரிசோதனை வழக்கமானது.

எந்த ஊரில் யாருக்கு நோய் வந்தது, யார் இறந்தார்கள் என்று ஏழு வருஷம் தேடித் தேடி எழுதியவர்கள் இல்லாவிட்டால் அந்த 35 சதவீதம் யாருக்கும் தெரிந்திருக்காது. சென்னையிலும் அப்படித்தான். அடையாறு புற்றுநோய் நிலையம் நடத்தும் பதிவேடு 1980களின் தொடக்கத்திலிருந்து விடாமல் எண்ணி வருவதால்தான், கருப்பை வாய்ப் புற்றுநோய் பாதிக்கும் கீழே இறங்கியதும், மார்பகப் புற்றுநோய் அதை முந்தி முதலிடத்துக்கு வந்ததும் நமக்குத் தெரியும். மார்பகத்துக்கான வசதிகளை எங்கே கூட்டுவது என்று திட்டம் போடுகிறவர்கள் நம்பியிருப்பது இந்தக் கணக்கைத்தான்.

எங்கள் கணக்கில் இன்னமும் பெரிய ஓட்டை இறப்புதான். வீட்டிலேயே இறந்த நோயாளியின் படிவத்தில் 'மாரடைப்பு' என்றோ 'முதுமை' என்றோ எழுதி முடித்துவிடுகிறார்கள். அவர் எங்கள் பட்டியலில் வருஷக்கணக்கில் உயிரோடு இருப்பார். அதனால் இதைப் படிக்கிற உங்களிடம் இரண்டு கேட்கிறேன். ஆஸ்பத்திரியில் முகவரி கேட்டால், தங்கியிருக்கும் வீட்டோடு சொந்த ஊரையும் எழுதச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் புற்றுநோயோடு இருந்தவர் இறந்துபோனால், படிவத்தை நிரப்பும் டாக்டரிடம் என்ன புற்றுநோய், எந்த ஆண்டில் தெரிய வந்தது என்று சொல்லிவிடுங்கள். பழைய பயாப்ஸி ரிப்போர்ட் கையில் இருந்தால் அதையும் காட்டுங்கள்.