ரகம் வேற, தரம் வேற: கிட்னி ஸ்லைடில் நான் கோட்டை விட்ட கதை

எம்.டி. பேத்தாலஜி (நோய்க்கூறியல்) ப்ராக்டிக்கலில் முதல் தடவை நான் ஃபெயில் ஆனதற்கு ஒரு கிட்னி ஸ்லைடும் காரணம். இத்தனைக்கும் பெயரைச் சரியாகத்தான் சொன்னேன். செல்லின் ஓரம் தாவரச் செல் மாதிரி தடிப்பாக, நியூக்ளியஸ் உலர்திராட்சை மாதிரி சுருங்கி, சுற்றிலும் ஒரு வெளிறிய வளையம். கிட்னி கேன்சரின் ரகங்களில் ஒன்றான குரோமோபோப், சந்தேகமே இல்லை. எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) தலையாட்டிவிட்டு, "சரி, பேஷன்ட் எப்படி இருப்பார்?" என்றார். மனப்பாடம் பண்ணின வரிசையை அப்படியே ஒப்பித்தேன்: குரோமோபோப் சாது, பாப்பிலரி நடுத்தரம், கிளியர் செல் மோசம். அவர் எதுவும் பேசாமல் அதே ஸ்லைடைக் கொஞ்சம் நகர்த்தினார். ஓரத்தில் கதிர் கதிராக நீண்ட செல்கள். சார்கோமடாய்ட் மாற்றம், அதாவது கட்டி மூர்க்கமாகிவிட்டதன் அடையாளம். நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

அடுத்த ஆறு மாதம் கோத்தகிரியில் வீட்டோடு இருந்து படித்தேன். நடந்ததைச் சொன்னதும் அப்பா, பறித்த தேயிலையைச் சாக்கில் அமுக்கிக்கொண்டே, "ரகம் வேற, தரம் வேறப்பா. க்ளோனல் செடிதான், ஆனா முத்தின இலையாப் பறிச்சுப் போட்டா ஃபேக்டரிக்காரன் என்ன விலை கொடுப்பான்?" என்றார். நாலு பாடப்புத்தகம் புரட்டியும் என் மண்டையில் ஏறாத விஷயம்.

அந்த வரிசை பொய் இல்லை. கிட்னிக்குள்ளேயே அடங்கியிருக்கும் கட்டிகளை ஒப்பிட்டால் மொத்தத்தில் குரோமோபோப்காரர்கள்தான் நன்றாக இருக்கிறார்கள். ஆனால் ஸ்டேஜும் (எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது) கிரேடும் (செல் எவ்வளவு கெட்டுப்போய்த் தெரிகிறது) உள்ளே வந்துவிட்டால் ரகத்தின் செல்வாக்கு நிறையவே குறைந்துவிடும். பரவிய நோயில் கதை திரும்பியே விடும், அங்கே பாப்பிலரி பல நேரம் கிளியர் செல்லைவிட மோசமாகப் போகிறது. காரணம் மருந்திலும் இருக்கிறது. கிட்னி கேன்சரில் முக்கால்வாசி கிளியர் செல். அதில் மூன்றாம் குரோமோசோமில் வி.ஹெச்.எல். மரபணு பழுதாகி, ஹெச்.ஐ.எஃப். என்ற புரதம் குவிந்து, ரத்தக்குழாயை வளரவைக்கும் வெஜ்எஃப் பெருகி, கட்டி முழுக்க ரத்தக்குழாயாக வலை பின்னிக்கொள்ளும். மருந்துகள் பெரும்பாலும் அந்த வழியை அடைக்கவே செய்யப்பட்டவை. அதனால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) "எது நல்லது?" என்று கேட்டால் உடனே வாயைத் திறக்காதீர்கள், "எந்த ஸ்டேஜில் சார்?" என்று மரியாதையாகத் திருப்பிக் கேளுங்கள்.

கிரேடு பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், என் இன்னொரு கூத்து அங்கேதான் நடந்தது. சீனியர் ஒருவரின் பழைய மைக்ரோஸ்கோப்பை வாங்கி வந்திருந்தேன். ஜூலை மாத மூட்டம், ஜன்னல் சாத்தினாலும் ஈரம் உள்ளே வரும், குனிந்து பார்த்தால் மூச்சுப் பட்டு ஐபீஸ் மங்கும். ஒரு வாரமாக எல்லா கிளியர் செல்லும் எனக்கு கிரேடு 2 ஆகவே தெரிந்தது. நம் கண்ணுக்கு எல்லாரும் நல்லவர்கள் போல என்று நினைத்தேன். அப்புறம் லென்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினால் சிலந்தி நூல் மாதிரி பூஞ்சணம். டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், மலையில் இருப்பவர்களுக்கு இது பாடத்தைவிட முக்கியம்.

இப்போதைய முறையில் 1 முதல் 3 வரை நியூக்ளியோலஸ் (நியூக்ளியஸுக்குள் இருக்கும் சின்னப் புள்ளி) ஒன்றுதான் கணக்கு. 10 எக்ஸ் ஆப்ஜெக்டிவிலேயே பளிச்சென்று தெரிந்தால் 3. 40 எக்ஸ் போட்டால்தான் தெரிகிறது என்றால் 2. அதிலும் கண்ணில் படவில்லை என்றால் 1. சார்கோமடாய்ட், ராப்டாய்ட் (இன்னொரு மூர்க்கமான செல் வடிவம்), ராட்சத செல், அதீதமாக உருக்குலைந்த நியூக்ளியஸ் எது வந்தாலும் 4. 1982-இன் ஃபுர்மன் முறை நியூக்ளியஸின் அளவையும் வடிவத்தையும் சேர்த்துப் பார்த்தது, அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இந்த கிரேடு கிளியர் செல்லுக்கும் பாப்பிலரிக்கும்தான். குரோமோபோப்புக்கு கிரேடு எழுதினால் மார்க் போய்விடும். சார்கோமடாய்ட் தனி ரகமும் இல்லை, எந்த ரகத்திலிருந்தும் வரலாம். வந்தால் கெட்ட செய்திதான், ஆனாலும் இம்யூனோதெரபிக்கு இந்தக் கட்டிகள் ஓரளவு நன்றாகவே மசிகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

க்ரோஸிங்கில் (வெட்டியெடுத்த கட்டியிலிருந்து ஸ்லைடுக்குத் துண்டு எடுப்பதில்) கஞ்சத்தனம் வேண்டாம். 7 செ.மீ. தாண்டிய கிளியர் செல் கட்டியில் சைனஸ் கொழுப்புக்குள் (கிட்னியின் நடுக்குழியில் இருக்கும் கொழுப்பு) ஊடுருவல் இல்லை என்று எழுதும் முன் இன்னும் இரண்டு துண்டு எடுங்கள். இருந்தால் ஸ்டேஜ் டி3ஏ, எல்லாமே மாறிவிடும். பாப்பிலரியை டைப் 1, டைப் 2 என்று பிரிப்பதை டபிள்யூ.ஹெச்.ஓ. 2022-இல் கைவிட்டுவிட்டது, பழைய நோட்ஸில் அடித்துவிடுங்கள்.

இரண்டாம் தடவை வேறொரு எக்ஸ்டர்னல். ஊர் எது என்றார். கோத்தகிரி என்றதும் சிரித்தார். "இந்தியாவுல சிக்கிள் செல் முதல்ல பதிவானதே உங்க நீலகிரிப் பழங்குடியினர்கிட்டதான், 1952-ல. சரி, சிக்கிள் செல் ட்ரெய்ட் இருக்கிறவங்களுக்கு வர்ற கிட்னி கேன்சர் எது?" ட்ரெய்ட் என்றால் அந்த ரத்தநோய்க்கான மரபணு ஒன்று மட்டும் பழுதானவர்கள். மெடுல்லரி கார்சினோமா என்றேன், மிக அரிது, இளவயது, ஐ.என்.ஐ.1 என்ற புரதத்துக்கான ஸ்டெயின் பிடிக்காது, கண்டுபிடிக்கும்போதே பெரும்பாலும் பரவியிருக்கும், அங்கே கிரேடு பார்த்து ஆறுதல் தேட இடமில்லை. "எந்தப் பக்கக் கிட்னி?" பெரும்பாலும் வலது சார். தலையாட்டிக்கொண்டே அடுத்த ஸ்லைடை வைத்தார். இந்தத் தடவை பெயரைச் சொல்வதற்கு முன்னால் நான்கு ஓரமும் நகர்த்திப் பார்த்தேன்.