இருட்டினால் தானே எரியும் வாசல் விளக்கு

விடிந்து வெகுநேரமாகியும் வாசல் விளக்கு எரிகிறது என்று அம்மா குறைப்பட்டுக்கொண்டே இருந்ததால், மட்டக்களப்பு கல்லடியிலுள்ள எங்கள் வீட்டுக்கு, வெளிச்சத்தை உணர்ந்து தானே இயங்கும் ஒளியுணர் ஆளி (சுவிட்ச்) ஒன்றைச் செய்து முடித்தேன்.

12 வோல்ட் நேர்முனையிலிருந்து 1 கிலோ ஓம் தடையியும் 50 கிலோ ஓம் மாறுந்தடையியும் தொடராகப் பிசி 547 திரான்சிற்றரின் (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை ஆளும் மூன்று கால் உறுப்பு) அடிக்கு (base) வருகின்றன. அடிக்கும் எதிர்முனைக்கும் இடையில் ஒளியுணர் தடையி (LDR), திரான்சிற்றரின் காலி (emitter) நேரே எதிர்முனைக்கு. பகல் வெளிச்சத்தில் ஒளியுணர் தடையியின் தடை மிகக் குறைந்து அடியின் மின்னழுத்தத்தைக் கீழே பிடித்து வைத்திருக்கிறது. இருட்ட இருட்டத் தடை ஏறி, மின்னழுத்தம் ஏறக்குறைய 0.6 வோல்ட்டைத் தாண்டியதும் திரான்சிற்றர் கடத்தத் தொடங்கி, அதன் சேகரிப்பானில் (collector) இணைத்த ரிலேயை, அதாவது விளக்கை ஏற்றி அணைக்கும் மின்காந்த ஆளியை, இயக்குகிறது. ரிலேச் சுருளுக்குக் குறுக்கே 1என்4007 இருவாயியை (ஒரு திசையில் மட்டும் மின்னோட்டத்தை விடும் டயோட்) பின்முகமாக இடுவது கட்டாயம். இல்லாவிட்டால் சுருளின் மின்னோட்டம் அறும் கணத்தில் எழும் உயர் மின்னழுத்தம் திரான்சிற்றரைக் கருக்கிவிடும். (ஒன்றைப் பலிகொடுத்த பிறகுதான் எனக்கே புத்தி வந்தது.)

முதல்நாள் மாலை விளக்கு எரிந்தது, அணைந்தது, மீண்டும் எரிந்தது. ரிலே பல்லியைப்போல டக் டக்கென்று ஓயாமல் அடித்தது. விளக்கின் வெளிச்சமே ஒளியுணர் தடையியில் விழுந்து, விடிந்துவிட்டதென்று அதை ஏமாற்றியிருந்தது. பழைய சைக்கிள் ரியூப்பில் விரலளவு துண்டொன்றை வெட்டி அதற்கு மாட்டி, வாவிப் பக்கத்து வானத்தை மட்டும் பார்க்கும்படி திருப்பிவைத்தேன். பின்னர் மகரிப் பாங்கு கேட்கும் நேரத்தில் மாறுந்தடையியை மெல்லத் திருகி, ரிலே இழுத்த இடத்தில் நிறுத்தினேன்.

230 வோல்ட் இணைப்பை மட்டும் மின்வேலை தெரிந்த மாமாவிடம் விட்டுவிட்டேன்.