உப்புக் குறைவு என்றது பெட்டி

நவம்பர் 8

நான்கு நாள் அடைமழை இன்று விட்டது. சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் எங்கள் தெருவில் கணுக்கால் தண்ணீர். வீட்டு நீச்சல் குளத்திலோ பச்சைப்பயறு வேகவைத்த தண்ணீரின் நிறம். கட்டுப்பாட்டுப் பெட்டியில் சிவப்பு விளக்கு: உப்பு 2100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு தண்ணீரில் 2100 பங்கு). இருக்க வேண்டியது 3200. மழைநீர் கலந்து உப்பு நீர்த்துவிட்டது என்று முடிவு கட்டி, ஷெட்டில் இருந்த 25 கிலோ மூட்டை ஒன்றைக் கொட்டி பம்பை ஓடவிட்டேன்.

மதில் மேலாக எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெரியவர், "கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, நீங்கள் காசு கொடுத்து உப்பு வாங்குகிறீர்களே!" என்றார். கடலில் இதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் உப்பு என்றேன். குளோரினே வேண்டாம் என்றுதானே உப்பு போடுகிறீர்கள் என்று அடுத்த கேள்வி. அந்த உப்பிலிருந்துதான் 'செல்' என்ற மின்தகட்டுக் கருவி குளோரினைத் தயாரிக்கிறது என்று சொன்னதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

நவம்பர் 10

பெட்டி 2600 காட்டுகிறது. விளக்கு அணையவில்லை.

இரவு காகிதத்தில் கணக்குப் போட்டேன். முதல் நாளே போட்டிருக்க வேண்டிய கணக்கு. குளம் 6 மீட்டருக்கு 4 மீட்டர், ஆழம் ஒன்றரை. 36,000 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிலோ உப்பு என்றால் 1000 பிபிஎம். ஆக 25 கிலோவுக்கு ஏறக்குறைய 700 கூடவேண்டும். கூடியது 500. அது மட்டுமல்ல. மாடியில் வைத்திருந்த டப்பாவில் 15 செ.மீ. மழை. ஆழத்தில் அது பத்தில் ஒரு பங்கு. அவ்வளவு தண்ணீர் வழிந்து போயிருந்தாலும் 3200 என்பது 2900 ஆகியிருக்கும். 2100 எப்படி ஆகும்?

நவம்பர் 11

பராமரிப்புக்கு வருபவரைத் தொலைபேசியில் பிடித்தேன். "செல் போய்விட்டது சார், புதிது போட்டுவிடலாம்" என்றார், வந்து பார்க்காமலேயே. நண்பரிடம் உப்பை அளக்கும் கைமீட்டர் வாங்கி அளந்தேன்: 3600. தண்ணீரில் உப்பு தேவைக்கு மேலேயே இருக்கிறது!

எங்கள் பெட்டி உப்பை நேராக அளப்பதில்லை. செல்லின் தகடுகளுக்கிடையே எவ்வளவு மின்சாரம் பாய்கிறது என்று பார்த்து உப்பை ஊகிக்கிறது. தகட்டில் படிவு சேர்ந்தால் மின்சாரம் குறையும்; பெட்டி பழியை உப்பின் மேல் போடும். மின்சாரத்தை நிறுத்தி செல்லைக் கழற்றினால், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் இருப்பதுபோல் வெள்ளைச் சுண்ணம். கோடை முழுவதும் ஆவியான தண்ணீருக்கு ஈடாகச் சுண்ணம் கலந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை விட்டவன் நான்தான்.

வாளியில் ஐந்து பங்கு தண்ணீர், அதில் ஒரு பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். கையுறை, கண்ணாடி, திறந்த வெளி. நுரை பொங்கிப் பத்து நிமிடத்தில் அடங்கியது. கத்தியால் சுரண்டலாமே என்ற மனைவியிடம் கூடாது என்றேன்: டைட்டானியத் தகட்டின் மேல் பூசிய மெல்லிய பூச்சுதான் செல்லின் உயிர். அமிலமும் அதைக் கொஞ்சம் தின்னும் என்பதால் அடிக்கடி கழுவவும் கூடாது.

மாட்டியதும் 3500. விளக்கு அணைந்தது.

நவம்பர் 12

பச்சை போகவில்லை. செல் குளோரினை மெதுவாகத்தான் தரும். வளர்ந்துவிட்ட பாசியை அதை நம்பி ஒழிக்க முடியாது. பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) 8.2. அந்த அளவில் குளோரினில் பெரும்பகுதி வீரியம் குறைந்த வடிவத்தில் கிடக்கும். உப்புக் குளங்களில் பிஎச் ஏறிக்கொண்டே இருப்பது வழக்கம்தான். கொஞ்சம் அமிலம் விட்டு 7.5க்குக் கொண்டுவந்தேன். வெயில் தாழ்ந்தபின் திரவக் குளோரின் ஊற்றி, சுவர்களைத் தேய்த்தேன். இரவெல்லாம் பம்ப்.

நவம்பர் 15

அடித்தளத்து ஓடுகளை எண்ணலாம். ஃபில்டரை இரண்டு முறை பேக்வாஷ் செய்தேன், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு அழுக்கை வெளியேற்றினேன். அதில் போன தண்ணீருக்கு ஈடாக லாரித் தண்ணீர் விட்டேன், உப்பும் 3400க்கு இறங்கியது.

நவம்பர் 19

பராமரிப்பாளர் மீண்டும் அழைத்தார்: செல்லுக்கு ஆர்டர் போடட்டுமா? அவர் சொல்வதும் முழுப் பொய் இல்லை. இத்தகைய செல்லுக்கு ஏறக்குறைய 10,000 மணி நேர ஆயுள் என்பார்கள். தினமும் எட்டு மணி நேரம் ஓடினால் மூன்றரை ஆண்டு; எங்களுடையதற்கு மூன்று முடிந்துவிட்டது. கோடைக்குப் பார்க்கலாம் என்றேன். கைமீட்டர் எங்கே விற்கிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.