வி.பி.எஸ் நாட்குறிப்பு: டம்ளர், உப்பு, துண்டு

மே 4, 2025, ஞாயிறு

நாளைக்கு காலைல வி.பி.எஸ் ஆரம்பம், கோடை லீவுல சபையில பிள்ளைங்களுக்கு நடத்துற பைபிள் வகுப்பு. தூத்துக்குடி பக்கம் உப்பளத்த ஒட்டின ஊரு எங்களது, பிள்ளைங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு அம்மாவோ அப்பாவோ அளத்து வேலைதான். இந்த வருஷம் கலர் தண்ணி மேஜிக் வேண்டாம்னு டீச்சர்ஸ் மீட்டிங்ல சொல்லிட்டேன். அயோடின ஊத்தி தண்ணிய கலங்க வச்சு இதுதான் பாவம்பாங்க, அப்புறம் இன்னொன்ன ஊத்தி தெளிய வச்சு இதுதான் மன்னிப்புன்னு சொல்லுவாங்கல்ல, பிள்ளைங்க வாயப் பொளந்து பாக்கும், கை தட்டும், வீட்ல போய் "டீச்சர் மேஜிக் காமிச்சாங்க"ன்னு சொல்லும், அவ்வளவுதான். தம்பிய அடிச்சதுக்கு மன்னிப்பு கேக்கணும்னு அதுல எங்க வரும்?

நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. பிள்ளை வீட்ல தினமும் தொடுற சாமானா இருக்கணும், கிளாஸ் முடிஞ்சு போனதும் அதே சாமான் அடுப்படியில கண்ணுல படணும். இயேசு சொன்னதெல்லாம் அப்படித்தானே, விளக்கு, புளிச்ச மாவு, கிழிஞ்ச துணிக்குப் போடுற ஒட்டு, தொலைஞ்ச வெள்ளிக்காசத் தேடி வீட்டப் பெருக்குற அம்மா, எல்லாமே கேட்டவங்க வீட்ல கிடந்த சாமான்தான்.

மே 5, திங்கள்

கலர் கலரா பக்கம் மட்டும் இருக்குற வார்த்தையில்லாப் புத்தகத்த ஒரு டீச்சர் கொண்டு வந்திருந்தாங்க. 1866ல லண்டன்ல ஸ்பர்ஜன்ங்கிற போதகர் பிரசங்கத்துல பேசினது கருப்பு, சிவப்பு, வெள்ளைன்னு மூணே நிறம், தங்க நிறமும் பச்சையும் பின்னாடி சேந்தது. உலகம் பூரா நல்லா பயன்பட்டிருக்கு, அத நான் மறுக்கல. ஆனா எங்க கிளாஸ்ல கருப்புன்னா பாவம்னு என்னால சொல்ல முடியாது. வெயில்ல காஞ்ச பிள்ளைங்க, ஸ்கூல்ல "கருவாயா"ன்னு கூப்பிட்டு கேலி பண்றத தினமும் கேக்குற பிள்ளைங்க, அதுங்க முன்னாடி கருப்பு அட்டையத் தூக்கிக் காமிச்சு இதுதான் அழுக்கு இருதயம்னு சொன்னா அது மனசுல எங்க போய் குத்தும்னு நமக்கு தெரிய வேண்டாமா. அந்த டீச்சர்ட்ட உக்காந்து பேசினேன், அவங்களும் ஒத்துக்கிட்டாங்க.

அதுக்குப் பதிலா ரெண்டு எவர்சில்வர் டம்ளர். ஒண்ண வெளிய சாம்பல் போட்டு பளபளன்னு விளக்கி வச்சேன், உள்ள நேத்து குடிச்ச காப்பி காஞ்சு ஆடை மாதிரி ஒட்டிக் கிடக்கு. இன்னொண்ணு நசுங்கி, வெளிய மங்கிப் போனது, உள்ள சுத்தம். உள்ள தெரியாதபடி தூரத்துல நிக்க வச்சு எதுல தண்ணி குடிக்கீங்கன்னு கேட்டேன், எல்லாரும் பளபள டம்ளரக் காமிச்சாங்க. கிட்ட வந்து எட்டிப் பாத்ததும் "அய்யே டீச்சர்"னு ஒரே சத்தம். மத்தேயு 23ல பாத்திரத்தோட உள்பக்கத்த முதல்ல சுத்தம் பண்ணுன்னு இயேசு சொன்னத அதுக்கப்புறம்தான் வாசிச்சோம். டம்ளர யார் கழுவுறதுன்னு போட்டி வந்துட்டு. கடைசியில ஒரு பய நாரப் போட்டு தேய்ச்சுக்கிட்டே, ஸ்கூல்ல எடுத்த ஸ்கேல் இன்னும் பைக்குள்ள இருக்குன்னு தானா சொன்னான். யாரும் கேக்கல அவன.

மே 6, செவ்வாய்

இன்னைக்கு உப்பு. நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள், மத்தேயு 5:13, மனப்பாட வசனமும் அதுதான். உப்பு எப்படி டீச்சர் சாரமில்லாம போகும், எத்தன வருஷம் அம்பாரம் போட்டு வச்சாலும் கரிக்கத்தான செய்யும்னு ஜூனியர் கிளாஸ் பிள்ளை ஒண்ணு கேட்டா. பதில நான் சொல்லல, இன்னொருத்தன் சொன்னான்: "ஜிப்சம் இருக்குல்லா, வெள்ளையாத்தான் இருக்கும், நக்குனா உப்பே இருக்காது." அளத்துப் பிள்ளைங்கல்லா! கடல்தண்ணி வத்த வத்த உப்புக்கு முன்னாடி ஜிப்சம்தான் அடியில படியும், எங்க ஊர்ல இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சாக்கடல் பக்கத்து உப்பு அந்தக் காலத்துல இப்படி மத்ததோட கலந்துதான் வரும், ஈரம் பட்டு உப்பு மட்டும் கரைஞ்சு போனா மிச்சம் வெள்ளையா கிடக்கும், ருசி இருக்காதுன்னு பல பேர் விளக்கம் எழுதிருக்காங்கன்னு சொன்னேன். பாக்க உப்பு மாதிரி இருந்தா மட்டும் போதாதுன்னு அதுங்களே பேசிக்கிச்சு. கருவாட்டுக்கு உப்பு போடலன்னா என்னாகும்னு கேட்டேன், "நாறிரும்"னு ஒரே குரல். சரி, நம்ம தெருவுல நாறிக்கிட்டிருக்குறது என்னன்னு கேட்டதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் கெட்ட வார்த்தை, அப்பா குடிக்கிறது, ஒரு பயல கிரிக்கெட்டுக்கு சேக்காம விடுறதுன்னு வந்துச்சு. அந்தப் பயலும் அங்கதான் உக்காந்திருந்தான்.

முடிக்கப் போறப்ப சின்னப் பிள்ளை ஒண்ணு, "எங்கம்மா கால் உப்புல வெடிச்சு ரத்தம் வரும் டீச்சர்"னு சொல்லிட்டு பேசாம இருந்துட்டா. நாளைக்கு வச்சிருந்த பாடத்த மாத்திட்டேன்.

மே 7, புதன்

வாளி, துண்டு. யோவான் 13. இயேசு துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு சீஷருங்க கால கழுவினத வாசிச்சிட்டு, எங்க உபதேசியார், சபை ஊழியத்தப் பாத்துக்கிறவரு, பிள்ளைங்க முன்னாடி தரையில உக்காந்து சேக்காம விட்ட பய கால கழுவி விட்டாரு. கூச்சத்துல கால இழுத்தான், பேதுரு வேண்டாம்னு சொன்ன மாதிரியே. வயசு அறுபதுக்கு மேல அவருக்கு, முட்டி வலியோட உக்காந்தாரு. வீட்டுப்பாடம் இதுதான்: அம்மாவோ அப்பாவோ வேலை முடிஞ்சு வந்ததும் கால் கழுவ நல்ல தண்ணி கொண்டு குடுக்கணும், துண்டு எடுத்துக் குடுக்கணும், அம்மாட்ட கேட்டுட்டு செய்யணும்.

மே 8, வியாழன்

கிளாஸ் ஆரம்பிக்க விடாம பிள்ளைங்க பேசிக்கிட்டே இருந்துச்சு. ஒரு அம்மா குடத்துத் தண்ணிய எதுக்குல வீணாக்குதன்னு ஏசிருக்காங்க, நியாயம்தான், எங்க ஊர்ல நல்ல தண்ணி காசு குடுத்து வாங்குறது. ஒரு அப்பா சிரிச்சுட்டு வெளிய போயிட்டாராம். அந்தச் சின்னப் பிள்ளையோட அம்மா சாயங்காலம் என்னைப் பாக்க வந்தாங்க. பூட்ஸுக்குள்ள உப்புத்தண்ணி போயிருதுக்கா, வெடிப்புல பட்டா எரியும், இவ கிட்ட உக்காந்து ஒவ்வொரு வெடிப்பா துண்டால ஒத்தி விட்டு தேங்காய்ண்ணெய் போட்டாக்கா, நான் எதுவும் சொல்லிக் குடுக்கலன்னாங்க. எண்ணெய் போடச் சொல்லி நானும் சொல்லல. அவளுக்கே தோணிருக்கு.

மே 9, வெள்ளி

கைப்பிடி அரிசி. சோறு பொங்குறப்ப ஒரு பிடிய எடுத்து தனியா ஒரு கலயத்துல போட்டு வச்சு கோயிலுக்கு, அதான் சர்ச்சுக்கு, கொண்டு வர்ற பழக்கம் எங்க ஆச்சி காலத்துல இருந்துச்சு, மிசோரம் சபையில 1910ல ஆரம்பிச்சு இன்னும் நடக்குது, மிஷனரி ஊழியத்துக்கே அதுதான் பெரிய பலம். பைபிள்ல ஏழை விதவை தன்கிட்ட இருந்த ரெண்டு காசையும் காணிக்கையா போட்டதக் கதையா சொல்றதவிட கைய அரிசிப் பானைக்குள்ள விட வச்சா நல்லா புரியுது. அவனவன் கை அளவுதான் அவனவன் பிடி, சின்னக் கைக்கு சின்னப் பிடி, குறைச்சல்னு யாரும் சொல்ல முடியாது. சேந்தத யாருக்குக் குடுக்கன்னு பிள்ளைங்களையே முடிவு பண்ணச் சொன்னேன். கோயில் பின்தெருவுல தனியா இருக்குற தாத்தாவுக்குன்னு முடிவாச்சு, அவர் எந்த சபைக்கும் வர்றவரு இல்ல. அத யாரும் ஒரு விஷயமாவே எடுக்கல, எனக்கு ரொம்ப சந்தோஷம்.

மே 11, ஞாயிறு

ஆராதனை முடிஞ்சு பெற்றோர் முன்னாடி நிகழ்ச்சி. ஆக்ஷன் சாங் ரெண்டு போதும்னு நிறுத்திட்டு, பிள்ளைங்க அவங்கவங்க சாமானக் கையில வச்சு பேசுனாங்க. ஸ்கேல் எடுத்த பய டம்ளரத் தூக்கிப் பேசினான், ஸ்கூல் திறந்ததும் திருப்பிக் குடுத்துருவேன்னு எல்லார் முன்னாடியும் சொன்னான். சாயங்காலம் கிரவுண்டு பக்கம் போனேன், கிரிக்கெட்ல அந்தப் பயலையும் சேத்திருக்காங்க, பேட்டிங் இன்னும் தரல, ஃபீல்டிங்தான் நிக்கான். அத அடுத்த வாரம் பேசணும். பாடம் லூக்கா 15, தொலைஞ்ச வெள்ளிக்காசத் தேடி வீட்டப் பெருக்குற அம்மா கதை, ஆளுக்கொரு விளக்குமாறு கொண்டு வரச் சொல்லிருக்கேன்.