329 பைட் பிங்கும் மீந்து நின்ற இரண்டு பைட்டும்

மூன்று வாரமாக என்னை அலைக்கழித்த பிழை நேற்றிரவு ஒருவழியாகப் பிடிபட்டது. ஐபி பாக்கெட்டுகளை (இணையத் தரவுப் பொட்டலங்களை) ஆர்எஃப்சி 4326 என்ற இணையத் தர ஆவணம் சொல்லும் யுஎல்இ முறையில், டிஜிட்டல் டிவி ஒளிபரப்புக்கான 188 பைட் டிஎஸ் பாக்கெட்டுகளுக்குள் அடைக்கும் நிரலை நானே எழுதி, எஸ்டிஆர் (மென்பொருளால் இயங்கும் ரேடியோ) பலகையிலிருந்து கேபிள் வழியாகவே ஒரு டிவிபி-எஸ்2 (செயற்கைக்கோள் டிவி தரம்) ரிசீவருக்கு அனுப்பிச் சோதித்து வருகிறேன். திரும்பும் வழி சாதாரண ஈதர்நெட். (போகும் வழியும் வரும் வழியும் வேறாக இருந்தால் பாக்கெட்டை நிராகரிக்கும் ஆர்பி ஃபில்டரை அணைக்க மறந்து ஓர் இரவை வீணாக்கியது தனிக்கதை.)

வழக்கமான பிங்கும் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைப் பாக்கெட்) 1500 பைட் பாக்கெட்டும் ஒழுங்காகப் போயின. 329 பைட் பிங்கை நொடிக்கு ஒன்றாக அனுப்பினாலும் பழுதில்லை. வெள்ளமாகக் கொட்டினால் மட்டும் பாக்கெட்டுகள் கொத்துக் கொத்தாகக் காணாமல் போயின.

கணக்குப் போட்டபோதுதான் காரணம் விளங்கியது. 329 உடன் பிங்குக்கான ஐசிஎம்பி ஹெடர் 8, ஐபி ஹெடர் 20 சேர்ந்தால் 357. யுஎல்இ ஹெடருக்கு 4, பிழையைக் கண்டறியும் சிஆர்சிக்கு 4 என்று மொத்தம் 365. டிஎஸ் பாக்கெட்டின் 188 பைட்டில் அதன் ஹெடர் 4 போக 184 பைட் இடம் இருக்கும். முதல் டிஎஸ் பாக்கெட்டில், புதிய பாக்கெட் தொடங்கும் இடத்தைச் சொல்லும் பேலோட் பாயின்டர் ஒரு பைட்டை எடுத்துக்கொள்வதால் 183 பைட்டும், அடுத்ததில் 182 பைட்டும் போக, சரியாக 2 பைட் மீந்து நிற்கும். ஒவ்வொரு பாக்கெட்டின் தொடக்கத்திலும் அதன் நீளத்தைச் சொல்லும் நீளப் புலத்துக்கு 2 பைட் போதுமே என்று நம்பி, 20 மில்லிநொடிக்குள் அடுத்த பாக்கெட் வந்துவிட்டால் என் நிரல் அதை அங்கேயே தொடங்கிவிடும். ஆனால் அப்படித் தொடங்க, ‘இதில் புதிய பாக்கெட் தொடங்குகிறது’ என்று டிஎஸ் ஹெடரில் சொல்லும் பியுஎஸ்ஐ பிட்டை ஏற்றி, முன்னால் ஒரு பாயின்டர் பைட்டையும் செருக வேண்டும். உடனே இடம் ஒரு பைட்டாகச் சுருங்கி, பிளக்கவே கூடாத நீளப் புலம் இரண்டு டிஎஸ் பாக்கெட்டுகளுக்கு நடுவே பிளந்துவிடும். அதன்பின் ரிசீவர் அடுத்த பியுஎஸ்ஐ வரும்வரை எல்லாவற்றையும் தூக்கி எறியும்.

திருத்தம் ஒரே வரிதான்: பியுஎஸ்ஐ ஏற்கெனவே ஏறியிருந்தால் 2 பைட் போதும், இல்லையென்றால் 3 வேண்டும், குறைந்தால் மீதியை 255 கொண்டு நிரப்பிவிட வேண்டும். இப்போது பத்தாயிரம் பிங்கில் ஒன்றுகூடத் தவறவில்லை.

இத்தனை தொல்லைக்கு, மீந்த இடத்தில் அடுத்த பாக்கெட்டை அடுக்காமலே விட்டிருக்கலாமே என்றால், 40 பைட் டிசிபி ஏக் (தரவு கிடைத்தது என்னும் ஒப்புகை) ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு டிஎஸ் பாக்கெட்டைத் தாரைவார்க்க எனக்கு மனம் வரவில்லை.

இடையில் இணையத்தில் வாங்கிய 30 டிபி அட்டென்யுவேட்டர் (சிக்னலின் வலிமையைக் குறைக்கும் கருவி) அளந்து பார்த்தால் 20 டிபிகூடக் குறைக்கவில்லை. இரண்டைத் தொடராக மாட்டிச் சமாளிக்கிறேன். அந்த 20 மில்லிநொடிக் காத்திருப்பு நேரத்தைச் சுமைக்கு ஏற்ப மாற்றும் பகுதி இன்னும் பாக்கியிருக்க, மனம் அதற்குள் ஜிஎஸ்இ என்ற மாற்று அடைப்பு முறையின் பக்கம் தாவிவிட்டது: அதில் 188 பைட் கூண்டே கிடையாது, டிவிபி-எஸ்2 தரவை ஏற்றிச் செல்லும் பேஸ்பேண்ட் ஃபிரேமில் நேராகவே அடைக்கலாம்.