வேரடியில் கிடந்த பந்து

போன மாதம் ஒரு கோப்பையைத் திருப்பிக் கொடுத்தேன். பெரிய கோப்பை ஒன்றும் இல்லை. ஒரு சாண் உயரம், வெள்ளி முலாம், அடியில் ஒரு மரக்கட்டை. கோல்ஃப் கிளப்பில் நடந்த மாதாந்திரப் போட்டியில் எனக்குக் கிடைத்த இரண்டாம் பரிசு. பதினோரு நாள் டிவிக்குப் பக்கத்தில் இருந்தது, பேத்தி அதில் கிரேயான்களைப் போட்டு வைத்திருந்தாள். ஏன் திருப்பிக் கொடுத்தாய் என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் அரைகுறையாகச் சொல்வதற்குப் பதில் முழுதாக எழுதிவிடுகிறேன்.

அம்பத்தூரில் சின்னதாக ஒரு லேத் பட்டறை நடத்துகிறேன். 46 வயதில் ஒரு வாடிக்கையாளர் கையைப் பிடித்து இழுத்துப்போய் கோல்ஃப் மட்டையைக் கொடுத்தார். இப்போது 58. ஹேண்டிகேப் 19. கோல்ஃப் ஆடாதவர்களுக்காகச் சொல்கிறேன்: 72 முறை அடித்து முடிக்க வேண்டிய மைதானத்தை நான் 91 அடிகளில் முடித்தால் அன்று ஓரளவு நன்றாக ஆடினேன் என்று அர்த்தம். போட்டியில் மொத்த அடிகளிலிருந்து இந்த 19ஐக் கழித்துவிடுவார்கள். அதனால்தான் என்னைப் போன்றவனும் நல்ல ஆட்டக்காரருடன் போட்டி போட முடிகிறது.

இந்த ஆட்டத்தில் நம் கூடவே நடுவர் வருவதில்லை. பந்து எங்கே கிடக்கிறதோ அங்கிருந்தே அடிக்க வேண்டும். தவறு செய்தால் தண்டனை அடியை நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். நேர்மையாக இருப்பது என்பதை விதிப்புத்தகமே முதல் விதிக்குள் எழுதி வைத்திருக்கிறது. இதைப் பற்றி யார் பேசினாலும் “யாரும் பார்க்காதபோது நீ எப்படி இருக்கிறாய்” என்றுதான் ஆரம்பிப்பார்கள். வெளிநாட்டில் அது சரியாக இருக்கலாம். அங்கே என்னைப் போன்ற பொழுதுபோக்கு ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் தாங்களே பையைத் தூக்கிக்கொண்டோ வண்டியில் வைத்துக்கொண்டோ போகிறார்கள். சென்னையில் நான் ஆடும் இடத்தில் அப்படி ஒரு தனிமையே கிடையாது. ஆளுக்கு ஒரு கேடி, அதாவது பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வருகிறவர். பல நாள் முன்னால் போய் பந்து விழும் இடத்தைப் பார்த்து வைக்க இன்னொருவர். நான்கு பேர் ஆடப் போனால் நான்கு பேராவது வேடிக்கை பார்க்கிறார்கள். நாம் அவர்களை ஆளாகவே கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கு நடந்தது இது. பதினான்காவது ஹோல், அதாவது குழி. முதல் அடி வலது பக்கம் வளைந்து வேப்பமரங்களுக்குள் போனது. ‘டக்’ என்று அடிமரத்தில் பட்ட சத்தம் முதல் அடி அடிக்கும் டீ மேடையில் நின்ற எனக்கே கேட்டது. அப்படிப் பட்ட பந்து நேராகக் கீழே விழும். அந்த மரத்தின் வேர்கள் எல்லாம் மேலே புடைத்துக்கொண்டு பாம்பு மாதிரி கிடக்கும். அதற்கு நடுவில் விழுந்தால் மட்டையை வீச முடியாது. ஒரு தண்டனை அடியைச் சேர்த்துக்கொண்டு, இரண்டு மட்டை நீளத்துக்குள், குழியை முன்பைவிட நெருங்காமல், முழங்கால் உயரத்திலிருந்து பந்தைப் போட்டு ஆட வேண்டியதுதான். நடந்து போகும்போதே மனதைத் தயார் செய்துகொண்டேன்.

போய்ப் பார்த்தால் பந்து மரத்திலிருந்து நாலடி தள்ளி, புல்லின் மேல் முட்டை வைத்தது மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

என் கேடி பக்கத்தில் நின்றார். என் வயதுதான் இருக்கும். பதினொரு வயதில் அந்த மைதானத்துக்கு வந்தவர். “எங்கே கிடந்தது?” என்றேன். “இங்கதான் சார், வெளிய தெறிச்சு வந்துடுச்சு” என்றார். என்னைப் பார்க்காமல் பையிலிருந்து ஏழாம் நம்பர் மட்டையை எடுத்து நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். அந்த ஒரு விநாடியில் எனக்குத் தெரியும். அவருக்கும் எனக்குத் தெரியும் என்பது தெரியும். நல்ல அடி, குழியைச் சுற்றியுள்ள கிரீன் புல்தரையில் போய் விழுந்தது. இரண்டு பட் (குழியை நோக்கி உருட்டும் அடி), நான்கு அடிகளில் முடித்தேன். மொத்தம் 89, கழித்தால் 70. கோப்பை.

பட்டறையில் ஒரு ஷாஃப்ட் 20 மைக்ரான் கூடுதலாக வந்தால் அதை ரிஜெக்ட் தட்டில் போடச் சொல்கிறவன் நான். அளவு எடுத்த பையன் தாளில் கையெழுத்துப் போடும்போது, “நீ பார்த்ததைத்தான் எழுத வேண்டும், நான் விரும்புவதை அல்ல” என்று இருபது வருடமாகச் சொல்லி வருகிறேன். அந்த ஸ்கோர்கார்டில் நான் கையெழுத்துப் போட்ட பேனா, பட்டறையில் அந்தத் தாள்களில் கையெழுத்துப் போடும் அதே பேனா. அன்று இரவு அது நினைவுக்கு வந்ததிலிருந்து சரியான தூக்கம் இல்லை.

சின்னச் சின்ன விஷயங்களைப் பற்றி நான் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு ஆடும்போது, முதல் டீயில் ஆளுக்கு ஒரு மல்லிகன், அதாவது கணக்கில் வராத மறு அடி, என்று பேசிக்கொண்டால் அது எங்களுக்குள். ஒரு முழ தூரத்தில் மிச்சமிருக்கும் பட் அடியை “எடுத்துக்கோ” என்று விடுவதும் அப்படித்தான். அந்த ஸ்கோரை ஹேண்டிகேப் கணக்கில் ஏற்றாத வரை யாருக்கும் நஷ்டம் இல்லை. விதி தெரியாமல் செய்வதும் வேறு. 2019இல் விதிகளை மாற்றியபோது பந்து தேடும் நேரத்தை ஐந்து நிமிடத்திலிருந்து மூன்றாகக் குறைத்தார்கள். இன்னும் எங்கள் கிளப்பில் பாதிப் பேர் ஐந்து என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. ஒருவர் ஏழு அடி அடித்துவிட்டு “ஆறு” என்கிறார். அப்போது கேடிகள் எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். ஒருவர்கூட நிமிர மாட்டார். அவர்களுக்கு எண்ணத் தெரியாமலா? அடுத்தவர் பந்து எந்த நம்பர், எந்தப் புள்ளி வரை ஞாபகம் வைத்திருப்பவர்கள். 1991இலும் 1993இலும் இந்தியன் ஓபனை வென்ற அலி ஷேர் டெல்லியில் கேடியாக இருந்தவர். 2009இல் அதை வென்ற முனியப்பா பெங்களூரில் கேடியாக இருந்தவர். ஆட்டமும் விதியும் நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே தலையைக் குனிய வைக்கிறோம்.

ஹேண்டிகேப் மோசடியும் இருக்கிறது. 2020இலிருந்து வந்த உலக ஹேண்டிகேப் முறையில் கடைசி 20 சுற்றுகளில் சிறந்த 8ஐ எடுத்துச் சராசரி போடுவார்கள். நன்றாக ஆடிய சுற்றை ஏற்றாமல், சொதப்பிய சுற்றை மட்டும் ஏற்றினால் எண் மேலே ஏறும். பிறகு பெரிய பரிசு உள்ள நாளில் வந்து எல்லோரையும் தூக்கிச் சாப்பிடலாம். இதைச் செய்கிறவர்கள் யார் என்று எல்லா கிளப்பிலும் எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இன்று வேண்டாம்.

நான்கு நாள் கழித்து, காலையில் சீக்கிரம் போய் கேடிகள் உட்காரும் ஷெட்டில் அவரைப் பிடித்தேன். டீ வாங்கிக் கொடுத்து நேராகக் கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “ஆரம்பத்துல ஒரு சாருக்கு, பந்து வேருல மாட்டிக்கிச்சுன்னு உள்ளதைச் சொன்னேன். அவர் ஒண்ணும் சொல்லல. அடுத்த வாரம் வேற ஆளைக் கூப்பிட்டாரு. அதுக்கப்புறம் யாருகிட்டயும் சொல்றதில்ல சார். கால் கட்டை விரல்ல தள்ளினா யாருக்கும் தெரியாது.”

என்னிடம் எட்டு வருடமாகப் பை தூக்குகிறார். “எனக்கும் இப்படி எத்தனை முறை?” என்று கேட்டேன். “அதெல்லாம் எதுக்கு சார்” என்றார்.

அந்த எட்டு வருடத்தில் நான் பெருமைப்பட்ட சுற்றுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எது என்னுடையது, எது அவருடைய கட்டை விரலுடையது என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை. அதைவிடக் கஷ்டமாக இருந்தது வேறொன்று. நான் ஒரு முறைகூட அவரை நகர்த்தச் சொன்னதில்லை. ஆனால் பந்து நல்ல இடத்தில் கிடந்த நாளில் நூறு ரூபாய் கூடக் கொடுத்திருக்கிறேன். சொல்லாமலேயே சொல்லிவிட்டேன்.

2010இல் அமெரிக்காவில் ஹில்டன் ஹெட் தீவில் நடந்த போட்டி ஒன்று அப்போது ஞாபகம் வந்தது. பிரையன் டேவிஸ் என்ற ஆங்கிலேயர், ஜிம் ஃப்யூரிக்குடன் சமநிலையை முறிக்கும் பிளேஆஃபில் இருக்கிறார். ஜெயித்தால் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரில் அவருக்கு முதல் வெற்றி. நாணல் கிடந்த இடத்திலிருந்து அடிக்கும்போது, மட்டையைப் பின்னால் தூக்கும் நேரத்தில், அது ஒரு காய்ந்த தண்டில் உரசிவிட்டது. அவரே அதிகாரியைக் கூப்பிட்டுச் சொன்னார். டிவியில் மெதுவாக ஓட்டிப் பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. அன்றைய விதிப்படி இரண்டு அடி தண்டனை, போட்டி போய்விட்டது. முதல் பரிசுக்கும் இரண்டாம் பரிசுக்கும் வித்தியாசம் சுமார் 4 லட்சம் டாலர். அதன் பிறகு அந்த டூரில் அவர் ஜெயிக்கவே இல்லை. என் கையில் இருந்தது கிரேயான் போடும் கோப்பை.

சரி, போய்ச் சொல்லிவிடலாம். ஆனால் என்னவென்று சொல்வது? கேடி நகர்த்தினார் என்றால் மறுநாளே அவருடைய பாஸைப் பிடுங்கிவிடுவார்கள். வீட்டில் கல்லூரிக்குப் போகும் பெண் இருக்கிறாள். நானே நகர்த்தினேன் என்றால் அது பொய். பொய்யைச் சரி செய்ய இன்னொரு பொய்யா? இரண்டு நாள் இதிலேயே போனது. விதிப்புத்தகத்தைப் புரட்டினேன். பத்தாவது விதியில் இருக்கிறது: கேடி செய்யும் தவறு ஆட்டக்காரருக்கே சேரும். படித்தபோது என் தோளிலிருந்து ஏதோ இறங்கியது. அவர் செய்தது நான் செய்தது. ஆட்டமே அப்படித்தான் சொல்கிறது.

கமிட்டியில் போய்ச் சொன்னேன்: “பதினான்காவது ஹோலில் பந்து நின்ற இடத்திலிருந்து நான் ஆடவில்லை. அது தெரிந்தே கார்டில் கையெழுத்துப் போட்டேன்.” அவ்வளவுதான் சொன்னேன். அங்கிருந்தவர் சிரித்தார். “இதுக்கெல்லாமா சார்? முடிஞ்சு போச்சு, விடுங்க” என்றார். முடிந்த போட்டியானாலும் தெரிந்தே மறைத்த தண்டனைக்குத் தகுதி நீக்கம்தான் விதி என்று காட்டினேன். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். மூன்றாவதாக வந்தவருக்கு அதைக் கொடுத்தார்களா என்று கேட்டேன், இன்னும் பதில் வரவில்லை. திரும்பவும் கேட்பேன். அது அவருடையது.

கேடியிடம், “இனி பந்து எங்கே கிடந்தாலும் தொடாதீங்க, உங்களுக்குக் கொடுக்கிறது ஒரு ரூபாய்கூடக் குறையாது” என்றேன். தலையாட்டினார். நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. எட்டு வருடம் நான் பழக்கியதை ஒரு பேச்சில் மாற்ற முடியாது. அடுத்த மூன்று வாரமும் சுற்று முடிந்ததும் அதே தொகையைக் கொடுத்தேன். ஒரு நாள் 101 அடித்தேன், அன்றும் அதேதான்.

போன ஞாயிறு அதே பதினான்கு. அதே மரங்கள். நான் இன்னும் ஃபேர்வே புல்வெளியின் நடுவில்தான் நடந்துகொண்டிருந்தேன். கூட ஆடிய மூன்று பேரும் திரும்பிப் பார்க்கும்படி அவர் மரத்தடியிலிருந்து சத்தமாகக் கத்தினார்:

“சார்! வேருக்குள்ள மாட்டிக்கிச்சு சார்! அடிக்க முடியாது!”

ஒரு அடியைச் சேர்த்துக்கொண்டு முழங்கால் உயரத்திலிருந்து பந்தைப் போட்டேன். ஏழில் முடிந்தது. “ஏழு” என்றேன். “ஏழு சார்” என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.